இந்தக் கோடியும் அந்தக் கோடியும்

வாடா பேராண்டி, உக்காரு. திண்ணைதான், சோபா இல்ல. அந்தத் தூணுல சாஞ்சுக்க. சட்டையில கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டும், தட்டினா பூடும்.

உங்கம்மா சொன்னா. காலையில அஞ்சு மணிக்கு எழுந்தா கோடீஸ்வரன் ஆவலாம்னு செல்போன்ல ஒருத்தன் பாடம் எடுக்கிறானாமே, அதுக்கு நீ 4,999 ரூபாய் கட்டிட்டியாமே. நெசமா? முழுசா அஞ்சாயிரம் கேட்டிருந்தா கட்டியிருக்க மாட்ட, இல்ல? ஒரு ரூபாய மிச்சம் புடிச்சுட்ட. அந்த மட்டுக்கும் நீ நெசவாளி வூட்டுப் புள்ளதான்.

எனக்கு ஒரு சந்தேகம்டா கண்ணு. நான் அம்பத்தஞ்சு வருசமா நாலு மணிக்கு எழுந்துக்கினு கீறன். அஞ்சுக்கு எழுந்தவனுக்கே கோடின்னா எனக்கு வரவேண்டியது எங்க தங்கிப் போச்சு? பேங்குல ஒரு தடவ கேட்டும் பாத்தன். "பெரியவரே, நகைக்கடனுக்கு வட்டி கட்டற நாளு தாண்டிப் போச்சு"ன்னாங்க. அப்ப எங்கியோ கணக்கு இடிக்குது. கம்ப்யூட்டர் படிச்சவன், நீதான் பாத்துச் சொல்லணும்.

அஞ்சு மணிக்கு எழுந்து இன்னா பண்ணச் சொல்றான் உங்க வாத்தியாரு? கண்ணாடி முன்னால நின்னுக்கினு "நான் ஜெயிப்பேன், நான் ஜெயிப்பேன்"னு சொல்லணுமா. நல்லாத்தான் கீது. எங்களுக்குக் கண்ணாடி பாக்க நேரம் கெடைக்கல. எழுந்ததும் வாசலுக்கு வந்து வானத்தப் பாக்கணும். அது அன்னிக்கு இன்னா மூஞ்ச வச்சுக்கினு கீதுன்னு பாத்துட்டுத்தான் மத்த வேலை.

தெருவுல பாவு போடறத நீ சின்னப் புள்ளையில பாத்திருக்க. அதுக்குக் கீழ குனிஞ்சு ஓடி உங்க பாட்டிகிட்ட முதுகுல ஒண்ணு வாங்கினியே, நினைவு கீதா? ஒரு பாவுன்னா மூணு சேலைக்கான நூலு, ஏறக்கொறைய இருவது கெஜம். அத எந்த வூட்டுக்குள்ள விரிப்ப? இந்தக் கோடியில ஒரு முளை, அந்தக் கோடியில ஒரு முளை, நடுநடுவுல மூங்கில் கவை, இடுப்பு ஒசரத்துக்கு இழுத்துக் கட்டணும். அப்புறம் ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னுக்கினு ஒட்டிக்கினு கீற இழைய ஒவ்வொண்ணாப் பிரிக்கணும். அறுந்தது எதுன்னு தேடிப் புடிச்சு முடி போடணும். அரிசிக் கஞ்சித் தண்ணிய மேலால தடவணும். காயவுட்டு, சுருட்டி எடுத்துக்கினு வூட்டுக்குள்ள போவணும். தல மயிரவிட மெல்லிசு அந்த நூலு. கண்ணுக்குத் தெரியறது பாதி, விரலுக்குத் தெரியறது மீதி.

இதுல வானம் ஒத்துக்கணும்டா. வெயில் கம்மியா இருந்தா கஞ்சி காயாது, ஈரத்துல இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வெயில் சுள்ளுனு ஏறிட்டா நூலு மொடமொடன்னு ஆயி தொட்டா அறுந்து பூடும். ஆடியில அம்மியத் தூக்கற காத்து, மார்கழியில பனி சொட்டும், ஐப்பசி கார்த்திகையில மழை. அப்ப எப்பதான் பாவு போடறதுன்னு கேக்கற. மீதி நாள்ல. அந்த மீதி நாள்லயும் விடியறதுக்குக் கொஞ்சம் முந்தி தொடங்கி, வெயிலு செவுத்துல பாதி எறங்கறதுக்குள்ள. நாலு மணிக்கு எழுந்தது அதுக்குத்தான். கோடிக்கு இல்ல.

ஒரு தடவ ஒரு ஆபீசரு ஜீப்பு வந்து நின்னுது. தெருவ அடைச்சுக்கினு பாவு. டிரைவர் ஆரன் அடிச்சான். எங்க நைனா தலையத் தூக்காமயே சொன்னாரு, "அறுந்தா நீதாம்ப்பா முடி போடணும், எறங்கி வா". ஆபீசரு எறங்கி வந்தாரு. முடி போட இல்ல, ஓரமா நடந்து போவ. ஜீப்பு எட்டு மணி வரைக்கும் அங்கியே நின்னுது, டிரைவர் நல்லாத் தூங்கினான். அந்த வருசம் அரசாங்கத்தால எங்க தெருவுல ஒருத்தனுக்காவது நிம்மதி கெடைச்சுதுன்னா அது அவனுக்குத்தான்.

இன்னொண்ணு. ஒத்தை ஆளா பாவு போட முடியாது. ஏழெட்டுப் பேரு வேணும். இன்னிக்கு அவனுக்கு நான், நாளைக்கு எனக்கு அவன். எதிர் வூட்டுக்காரனுக்கும் எனக்கும் 1998-லருந்து பேச்சு கிடையாது, உனக்கே தெரியும், சாக்கடைத் தண்ணி விவகாரம். ஆனா அவன் பாவுக்கு நான் போவாம இருந்தது இல்ல, என் பாவுக்கு அவன் வராம இருந்தது இல்ல. மூஞ்சிக்கு மூஞ்சி நின்னுக்கினு பேசாம இழை பிரிப்போம். முடிஞ்சா டீயக் குடிச்சுட்டு டம்ளரக் கவுத்து வச்சுட்டுப் போவான். அந்தக் கவுத்து வைக்கிறதுலயே ஒரு திட்டு இருக்கும். உங்க ஆபீசுல ஒத்துமையா வேலை செய்யப் பழகணும்னு ரெண்டு நாள் ரிசார்ட்டுக்கு இட்டுக்கினு போயி கயிறு இழுக்க வுட்டாங்களாமே. எங்க கயித்துல பட்டு இருந்துதுடா, அதான் இழுத்துக்கினு போவல.

மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வந்திருக்கியே, இன்னா சமாச்சாரம்னு கேட்டா, மேனேஜரு அஞ்சுக்கு மூணு மார்க்கு போட்டுட்டாராம். அடேயப்பா! எங்க நைனா பாவு முடிஞ்சதும் ஒரு கோடியிலருந்து மறு கோடி வரைக்கும் குனிஞ்சு பாத்துக்கினே போவாரு. எங்கியும் அறுவலன்னா "ம்" அப்டின்னுவாரு. அவ்ளோதான் மார்க்கு. பதினேழு வயசு வரைக்கும் அந்த "ம்" எனக்குக் கெடைக்கல. அதுக்கு மேல ஒரு மார்க்கும் அவருகிட்ட கிடையாது. அதுக்குக் கீழ ஒண்ணு இருந்தது, அது அடுப்பாண்ட கெடந்த வெறகுக் கட்டை.

சிரிக்காத. நானும் உன்ன மாதிரிதான் இருந்தன். எமர்ஜென்சி முடிஞ்ச 1977-ல எனக்கு இருவத்திரண்டு வயசு. வூட்டுல ரெண்டு குழித்தறி. எனக்கு இருவது தறி வேணும். முதலாளி ஆவணும், கணக்குப்புள்ள வச்சுக்கணும், ஜாவா வண்டி வாங்கணும், கழுத்துல மைனர் செயினு. ஒரு கோடு போட்ட நோட்டுல எல்லாத்தையும் நெம்பர் போட்டு எழுதி வச்சிருந்தன். உங்க வாத்தியாரு அத இப்ப 4,999-க்கு சொல்லித் தரான்.

அந்த வருசம் ஐப்பசி முச்சூடும் மழை. குழித்தறின்னா குழிக்குள்ள கால வுட்டுத்தான் மிதிக்கணும். குழியில ஊத்து எடுத்துக்கிச்சு. சொம்பால மொண்டு மொண்டு ஊத்தறன், விடிஞ்சு பாத்தா மறுபடி முழங்கால் தண்ணி. ஒரு நாள் மிதிகட்டை மேல தவளை ஒண்ணு உக்காந்துக்கினு கீது. என்னையே பாக்குது. 'நான் இருக்கிற எடத்துக்கு நீ இன்னாத்துக்கு வந்த'ன்ற மாதிரி. பட்டு நமுத்துப் போச்சு, நாடா ஓடல, மரம் ஊறிக்கினு கிறீச் கிறீச்சுன்னுது. வேலை இல்லன்னா கூலி இல்ல. முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் ஒண்டி மழை தண்ணி பாக்காம ஏறிக்கினே போவுது.

உங்க பாட்டி அப்ப கல்யாணம் ஆயி ஆறு மாசம். போளூர் பக்கம் அவ பொறந்த ஊரு. "எங்க ஊர்ல மல்லாட்டை புடுங்கறாங்க, வாங்க போலாம்"னா. மல்லாட்டைன்னா உங்க பாஷையில வேர்க்கடலை. எனக்கு ரோசம் வந்துடுச்சு. ஜரிகை புடிக்கிற கை மல்லாட்டை புடுங்கறதான்னு கேட்டன். "ஜரிகையத் தாளிச்சு வைக்கட்டுமா ராத்திரிக்கு?"ன்னா. கெளம்பிட்டோம்.

ஆடிப் பட்டத்துல போட்ட மல்லாட்டை, ஐப்பசியில காய் முத்தி நிக்குது. ஈரம் இருந்தா செடி சுளுவா கையோட வரும், அது நல்லது. ஆனா ஈரம் நின்னுட்டா காயி நெலத்துலயே மொளைச்சுடும், அது கெட்டது. ரெண்டுக்கும் நடுவுல மழை வுட்ட ரெண்டு மூணு நாளு, அதுக்குள்ள ஊரே கழனியில கெடக்கும். புடுங்கி, மண்ண உதறி, குவிச்சு வச்சு, சுத்தி உக்காந்து காய் ஆயணும். பத்து மரக்கா ஆஞ்சா ஒரு மரக்கா கூலி. நான் நெனச்சன், இந்த ஊர்ல எவனுக்குடா என் விரல் இருக்குது, ஒரே நாள்ல மூட்டை கட்டிடலாம்னு. பக்கத்துல ஒரு கெழவி. வாயில பல்லு இல்ல, வெத்தல இருந்தது. நான் ஒரு மரக்கா ஆயறதுக்குள்ள அவ மூணு மரக்கா. திரும்பிப் பாத்துட்டு சொன்னா, "ஏன் மாப்ள, அது காயிதான், பொண்டாட்டி காது தோடு இல்ல. திருகிப் பாக்காத, பிச்சுப் போடு". கழனி முச்சூடும் சிரிச்சுது. உங்க பாட்டிதான் முதல்ல சிரிச்சா.

மூணாம் நாளு மத்தியானம் கெழக்கால கருகருன்னு வந்துது. கழனிக்காரருக்கு ரெண்டு காணி, காயி அப்டியே குவியலாக் கெடக்குது. அவரு எங்கள எழுப்பிவுட்டு நேரா பக்கத்துக் கழனிக்கு ஓடச் சொன்னாரு. அங்க புருசன் இல்லாத ஒருத்தி, ரெண்டு சின்னப் புள்ளைங்கள வச்சுக்கினு கூடைய எடுக்கத் தெரியாம நிக்கறா. அவ காய வாரி ஓலை போட்டு மூடிட்டுத் திரும்பி வந்தா, இவரு குவியல்ல பாதி நனைஞ்சு போச்சு. எனக்குப் பொறுக்கல. "இன்னா மாமா, உன் காயி போச்சே"ன்னன். முண்டாச அவுத்துப் புழிஞ்சுக்கினே சொன்னாரு, "என் காயி நனைஞ்சா நான் ஒண்டிதான் பேசுவன். அவ காயி நனைஞ்சா ஊரே பேசும். அடுத்த மழைக்கு நான் கூப்புட்டா எவன் வருவான்?"

அவர நீ மகான்னு நெனச்சுடாத. கூலி அளக்கறப்ப மரக்காலுக்குள்ள கட்ட வெரல வுட்டு அளந்தவரு. ஆனா அந்தக் கணக்கு எனக்குப் புதுசு. என் நோட்டுல இருவது நெம்பர் எழுதி வச்சிருந்தன், 'கூப்புட்டா வர ஆளு எத்தினி'ன்னு ஒரு நெம்பர் இல்ல. வூட்டுக்கு வந்து நோட்டத் தேடினா, உங்க பாட்டி அதக் கிழிச்சு மல்லாட்டைப் பொட்டலம் மடிச்சிருந்தா. ஜாவா வண்டி எழுதின பக்கத்துலதான் எனக்கு வறுத்துக் குடுத்தா.

தறி ஆசை அதோட போயிடலடா, பொய் சொல்ல மாட்டன். நாலு தறி வரைக்கும் போட்டன், அப்புறம் ரெண்டாச்சு, இப்ப ஒண்ணு. ஆனா வருசக் கடைசியில உக்காந்து எண்ணிப் பாக்கறது மாறிப் போச்சு. எத்தினி பாவு நனையாம ஏறிச்சு, எத்தினி பாவுக்கு ஆளு கொறைஞ்சுது. ஆளு கொறைஞ்ச வருசந்தான் எனக்குத் தூக்கம் வந்தது இல்ல.

மல்லாட்டைன்னதும் ஒண்ணு சொல்லணும். அது மணிலாக்கொட்டை. மணிலா எங்கியோ கடலுக்கு அந்தாண்ட கீது, அங்கயும் அது தெக்கு அமெரிக்காவுலருந்துதான் வந்துதாம். பட்டு சீனாக்காரன் கண்டுபுடிச்சது. நம்ம நூலு கர்நாடகாவுலருந்து வருது, ஜரிகை சூரத்துலருந்து. அப்ப நம்ம ஊரு ஆரணிப் பட்டுல ஆரணி எங்கடா கீது? புவிசார் குறியீடு குடுத்திருக்காங்களே, எதுக்குக் குடுத்தாங்க? என்னக் கேட்டா வெயிலுக்குக் குடுத்திருக்கணும். அரிசி ஆலைக் களத்துல போய்ப் பாரு. அவிச்ச நெல்லக் கொட்டி, பொம்பளைங்க காலாலயே கோடு கோடாக் கிழிச்சுக்கினு போவாங்க. மேகம் திரண்டுச்சுன்னா யாரும் யாரையும் கூப்புட மாட்டாங்க, அவங்கவங்க தார்ப்பாயோட ஓடி வந்துடுவாங்க. ஆரணி அரிசின்னு பேரு வாங்கறதும் அதே வெயிலு, ஆரணிப் பட்டுன்னு பேரு வாங்கறதும் அதே வெயிலு. கைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் கரண்டு இலவசம், அதுக்கு மேல போனா பில்லு. வெயிலுக்கு இன்னும் மீட்டர் வைக்கல. நீ யாருகிட்டயும் யோசன சொல்லிடாத.

வள்ளுவர் நெசவாளின்னு ஒரு செவிவழிக் கதை கீது, கேட்டிருப்ப. மயிலாப்பூர்ல தறி நெஞ்சாருன்னு. ஆனா பாரு, உழவுக்குன்னு ஒரு அதிகாரம், பத்துக் குறள். நெசவுக்கு அதிகாரம் கிடையாது. இது ஏன்னு பெரிய பெரிய புலவருங்க யோசிச்சிருப்பாங்க. எனக்குத் தெரியும். மழைக்காலத்துல குழியில தண்ணி வந்திருக்கும், மனுசன் கழனி வேலைக்குப் போயிருப்பாரு. தறியில உக்காந்தா எதிர்ல செவுருதானே கீது, அதப் பாத்து இன்னாத்த எழுதறது?

எங்க சின்னப் பாட்டி மருமவ ஒருத்தி கிராமத்துல கீறா, அவளும் தறிக்காரிதான். நூறு நாள் வேலை 2006-ல நாட்டுலயே முதல்ல 200 மாவட்டத்துலதான் ஆரம்பிச்சாங்க, அதுல நம்ம திருவண்ணாமலை மாவட்டமும் ஒண்ணு. நாங்க நகராட்சி, எங்களுக்குக் கிடையாது. பட்டணத்தான்னு பேரு பெத்த பேரு. அவ ஏரிக்கரை வேலைக்குப் போனா. மரத்தடியில உக்காந்துக்கினு காசு வாங்கறாங்கன்னு எல்லாரும் பேசினப்ப நானும் பேசினன். ஒரு நாள் அவளே சொன்னா, "மாமா, முப்பது வருசமா சேலை நெய்யறன். எந்தச் சேலைய எவ கட்னா, நல்லா இருந்துதா, கிழிஞ்சுதா, ஒண்ணும் தெரியாது. ஏரிக்கரைக்கு நான் கொட்டின மண்ணு கார்த்திகை மழைக்கு நிக்குதான்னு கொடை எடுத்துக்கினு போய்ப் பாத்தன். நின்னுது". அதுக்கப்புறம் நான் அந்த மரத்தடி நையாண்டிய வுட்டுட்டன். மத்த நையாண்டி எல்லாம் அப்டியே கீது.

ஜெயிச்சவன் கதை வேணும்னா நம்ம ஊர்லயே ஒண்ணு கீது. 1751 டிசம்பர். ராபர்ட் கிளைவு, வயசு 26, உன் வயசுதான். ஆற்காட்டுக் கோட்டையில அம்பது நாள் அடைபட்டுக் கெடந்துட்டு, வெளிய வந்து துரத்திக்கினு வந்து, இங்க ஆரணியில ராசா சாகிப் படையையும் பிரெஞ்சுக்காரனையும் அடிச்சான். நடுவுல தண்ணி நின்ன நெல்லுக் கழனியாம், அதத் தாண்டறதுக்கு ஒரு மேட்டுப் பாதை. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு கை கால ஆட்டிச் சொல்லுவாரு. அந்தக் கழனிய நட்டவன் யாரு சார், அந்த வருசம் அறுத்தானா இல்லியான்னு கேட்டன். பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சாரு. கிளைவு அப்புறம் வங்காளத்த வளைச்சான், பெரிய பிரபு ஆனான், சீமைக்குப் போயி 'இத்தினி பணம் எப்பிடி வந்துது'ன்னு பார்லிமெண்டுல கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான், 1774-ல 49 வயசுல தன் கையாலயே போய்ச் சேந்தான்னு சொல்றாங்க. காலையில எத்தினி மணிக்கு எழுந்தானோ, தெரியல.

நம்மளையும் கொண்டாடத்தான் செய்யறாங்க, இல்லன்னு சொல்லக் கூடாது. ஆகஸ்ட் 7 கைத்தறி நாளு. 1905-ல கல்கத்தாவுல சுதேசி இயக்கம் தொடங்கின தேதின்னு, 2015-ல மெட்ராஸ்ல பிரதமர் வந்து ஆரம்பிச்சு வச்சாரு. ஆனா ஆகஸ்ட் 7-ன்னா ஆடி மாசம்டா. கல்யாணம் கிடையாது, சேலை போவாது, காத்துல பாவு போட முடியாது. வருசத்துல நாங்க சும்மா இருக்கிற மாசமாப் பாத்து வச்சிருக்காங்க, வேலை கெடாம போய் மரியாதைய வாங்கிக்கினு வரலாம். ஒரு வருசம் எனக்கும் பொன்னாடை போத்தினாங்க. ஓரத்தத் தொட்டுப் பாத்தன். விசைத்தறி.

போன தடவ வந்தப்ப நீதான் போன்ல படிச்சுக் காட்டின. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு. நாடு முச்சூடும் 31 லட்சத்துச் சொச்சம் குடும்பம், அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மாச வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழ. படிச்சுட்டு என் மூஞ்சியப் பாத்த. நான் காபி கேட்டன். இப்ப சொல்றன், 4,999-உம் அஞ்சாயிரத்துக்குக் கீழதான். ஒரு நெசவாளிக் குடும்பத்து ஒரு மாசத்த எடுத்துக் குடுத்து, நாலு மணிக்கு எழுந்தவன் பேரன் அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கக் கத்துக்கினான். இத எங்க போயி சொல்லிக்கறது.

அதனால ஆபீசு வேலைய வுட்டுட்டு தறிக்கு வந்துடுன்னு நான் சொல்லுவன்னு பயப்படாத. உங்கப்பன் வந்து நின்னப்பவே மிதிகட்டையால வெரட்டினவன் நான். முதுகு போவும், கண்ணு போவும், கடைசியில காலு குழிக்கும் ஆவாது வெளியவும் ஆவாது. வெளி வேலையும் சொர்க்கம் இல்ல. பொங்கலுக்கு உன்கூட ஒரு சினேகிதன் வந்தானே, மண்ணு வாசனை, மண்ணு வாசனைன்னு. தொப்பி போட்டுக்கினு அரை மணி நேரம் களை எடுத்தான், அதப் போன்ல போட மூணு மணி நேரம் ஆச்சு. எடுத்ததுல பாதி பயிரு. கழனிக்காரன் என்னப் பாத்த பார்வை இன்னும் எனக்கு உறுத்துது. அந்தப் புள்ள நல்லவன்தான். ஒரு பருவம் முழுக்க இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும், மண்ணு வாசனை வர அன்னிக்கு எங்களுக்கு வவுத்துல புளி கரைக்கும்னு.

இப்பல்லாம் பாவு மிஷின்லயே ஓட்டித் தராங்க. தெருவுல போடறவங்க கொறைஞ்சுட்டாங்க. சிமெண்டு ரோடு, முளை அடிச்சா எறங்காது, ரெண்டு பக்கமும் பைக்கு நிறுத்தி வச்சிருக்காங்க. காலேஜுக்குப் போற பசங்க ஆரன் அடிக்கிறாங்க. எங்க நைனா மாதிரி எனக்குச் சொல்ல வரல, "தோ, ஆயிடுச்சு கண்ணு, ஆயிடுச்சு"ன்னு கெஞ்சறன். சில பேரு வண்டிய நிறுத்திட்டு எறங்கிக் கூட புடிக்கிறாங்க. அதுல ஒருத்தன் உன்ன மாதிரியே இருந்தான், திரும்பிப் பாத்தன், நீ இல்ல.

சரி, இருட்டிக்கினு வருது. மேக்கால பாரு, வெளுத்துத்தான் கீது. புரட்டாசி முடியப் போவுது, இத வுட்டா மழை புடிச்சுக்கும், அப்புறம் தை முகூர்த்தத்துக்குச் சேலை எறங்காது. நாளைக்குப் பாவு போடறன். ஏழு பேரு வேணும், ஆறு பேருதான் கீறோம். எதிர் வூட்டுக்காரன் மவன் வூட்டுக்கு பெங்களூர் போயிட்டான். எங்கிட்ட சொல்லல, எங்களுக்குள்ளதான் பேச்சு இல்லியே. பேத்திகிட்ட சொல்லி அனுப்பிட்டுப் போயிருக்கான், 'வெள்ளிக்கிழமை பாவுக்கு நான் இருக்க மாட்டன், அந்தக் கோடிக்கு வேற ஆளு பாத்துக்கச் சொல்லு'ன்னு.

அந்தக் கோடிக்குத்தான் ஆளு இல்ல. பெரிய வேலை ஒண்ணும் கிடையாது. கயித்த இழுத்துப் புடிச்சுக்கினு நிக்கணும், நான் "வுடு"ன்னா கொஞ்சம் வுடணும், "இழு"ன்னா கொஞ்சம் இழுக்கணும். பேசக் கூடாது. கூலி டீதான்.

நாலு மணிக்கு வா, அஞ்சுக்கு இல்ல. போன வூட்டுலயே வச்சுடு. மோதிரத்தக் கழட்டிடு, ராத்திரியே நகத்த வெட்டிக்க. பட்டுல மாட்டும்.